பசி பிள்ளையுடையது, கடை யாருடையது?

காலம் கெட்டுவிட்டது என்கிறார் பெரியவர். பிள்ளைகள் கெட்டுவிட்டனர் என்கிறார் ஆசிரியர். கைப்பேசி கெடுத்துவிட்டது என்கிறார் தாயார். கெட்டது எது, கெடுத்தது எது, கெடும்படி வைத்தது எது என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை மட்டும் எவரிடமும் காணோம். முன்பு வீட்டிலே ஒரு பெண் சோர்ந்து கிடந்தால் பேய் பிடித்தது என்று கூறி வேப்பிலை அடித்தார்கள். இன்று பதினான்கு வயதுப் பெண் நள்ளிரவு வரை விழித்திருந்து, வாடிய முகத்தோடு காலையில் எழுந்தால், 'போன் பிடித்துக்கொண்டது' என்கிறார்கள். பேய் போய்ப் போன் வந்தது, விளக்கம் மாறவில்லை! பிடித்தது என்று சொல்லிவிட்டால், ஏன் பிடித்தது என்று ஆராயும் வேலை தீர்ந்துவிடுகிறது அல்லவா?

அந்த வேலையைத் தலைமேற்கொண்டு 2024 மார்ச்சில் ஒரு நூல் வந்தது. எழுதியவர், அமெரிக்காவில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் சமூக உளவியல் பேராசிரியர் ஜோனதன் ஹைட். நூலின் பெயரைத் தமிழில் 'பதற்றத் தலைமுறை' எனலாம். ஏடுகள் புகழ்ந்தன, அமைச்சர்கள் படித்தனர், நாடாளுமன்றங்களில் எடுத்துக் காட்டினர். புகழ் பெற்ற நூலைப் புகழ்வது எளிது. அதன் வாதம் எங்கே நிற்கிறது, எங்கே தள்ளாடுகிறது என்று பார்ப்பதே இங்கு நம் வேலை.

ஹைட் சொல்வது இது. 2009இல் ஃபேஸ்புக் விருப்பக்குறியைக் கொண்டுவந்தது. 'லைக்' என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, அது. 2010இல் தன்னைத் தானே படம்பிடிக்கும் முன்புறக் கேமரா ஐபோனில் வந்தது; அதே ஆண்டில் இன்ஸ்டாகிராம் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில், தெருவிலே ஓடி ஆடி வளர்ந்த பிள்ளைப் பருவம், திரைக்குள் ஒடுங்கிய பிள்ளைப் பருவமாக மாறியது. 2010 முதல் 2015 வரையிலான அந்த ஐந்தாண்டில் பிள்ளை மனமே புதிதாகக் கட்டப்பட்டது என்கிறார் அவர். நட்பு குறைந்தது, உறக்கம் குறைந்தது, கவனம் சிதறியது, பழக்கம் அடிமைத்தனமாயிற்று. அமெரிக்கச் சிறுமியரிடையே மனச்சோர்வு 2010க்குப் பிறகு இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகியதென்று கணக்குக் காட்டுகிறார். வெளியே அனுப்ப அஞ்சிய பெற்றோர், வீட்டுக்குள்ளே உலகம் முழுவதையும் காவலின்றித் திறந்துவிட்டனர் என்கிறாரே, அந்த இடம் நூலின் சிறந்த இடம். தெருமுனைக் கடைக்குத் தனியே அனுப்பாத மகளை, முகமறியாத பல்லாயிரம் பேர் கூடும் சந்தையில் நள்ளிரவில் நிறுத்திவிட்டு, 'பத்திரமாக வீட்டில்தான் இருக்கிறாள்' என்று நிம்மதி கொள்வது நாமும் அறியாததா?

ஆனால் இந்த நூலுக்கு மறுப்பும் உடனே எழுந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியை கேண்டிஸ் ஆட்ஜர்ஸ், அதே மார்ச்சிலேயே 'நேச்சர்' இதழில் மதிப்புரை எழுதினார். இரண்டு கோடுகள் சேர்ந்து மேலேறுவதால் ஒன்று மற்றொன்றை ஏற்றியது என்றாகிவிடாது என்றார். பல நூறு ஆராய்ச்சியாளர் தேடியும் கிடைத்தது சிறிய, கலங்கலான தொடர்பே என்றார். முன்பே மனம் நொந்த பிள்ளைதான் திரையை மிகுதியாக நாடுகிறதோ என்றும் கேட்டார். இந்தப் பக்கத்துக்கு வலிமை சேர்க்கும் ஆய்வு ஒன்று 2019இல் வந்திருந்தது. ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி என்னும் இருவர் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இளைஞரின் விவரங்களை அலசினர். மனநலத்தில் காணும் வேறுபாட்டில், தொழில்நுட்பப் பயன்பாட்டால் விளக்கக்கூடியது மிகுதியாய்ப் போனால் 0.4 விழுக்காடு என்று முடிவு சொன்னார்கள்.

0.4 விழுக்காடா? இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? என்று கேட்கத் தோன்றும். நிறுவனங்களுக்கு இனிக்கும் கேள்வி இது. ஆனால் சராசரி என்பது என்ன? நூறு பேர் உண்ட பந்தியில் மூன்று பேருக்கு வயிறு கெட்டது என்று வையுங்கள். சராசரி வயிறு நன்றாகத்தான் இருக்கும். சமையற்காரர் அந்தச் சராசரியைக் காட்டி வீட்டுக்குப் போய்விடலாமா? யார் அந்த மூவர், அவர்கள் உண்டது எது என்பதல்லவா கேள்வி! ஆர்பனே அந்தக் கேள்விக்கு அடுத்துச் சென்றார். 2022இல் வெளியான அவர் குழுவின் பிரிட்டிஷ் ஆய்வு, எல்லா வயதும் ஒன்றல்ல என்று காட்டியது. பெண்பிள்ளைகளுக்கு 11 முதல் 13 வயது வரையும், ஆண்பிள்ளைகளுக்கு 14, 15 வயதிலும், இருபாலர்க்கும் மீண்டும் 19 வயதை ஒட்டியும் ஊடகப் பயன்பாடு மிகுந்தால், அடுத்த ஆண்டின் மனநிறைவு குறைவதாகத் தெரிந்தது. உடலும் வாழ்க்கையும் உருமாறும் வயதுகள் அவை.

ஆகவே கருவியை மட்டும் பார்த்தால் போதாது. அந்த வயதுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். தாயின் மடியைவிட்டு இறங்கிய பிள்ளை, தன் ஒத்த வயதினர் நடுவில் எனக்கு என்ன இடம் என்று தேடும் காலம் அது. அந்தத் தேடல் இழிவன்று. அது இல்லாதிருந்தால் மனிதன் கூட்டமாய் வாழக் கற்றிருக்கவே மாட்டான். லாஸ் ஏஞ்சலீஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 13 முதல் 18 வயது வரையான 32 பேரை, மூளையின் இயக்கத்தைப் படம்பிடிக்கும் கருவிக்குள் படுக்க வைத்து, இன்ஸ்டாகிராம் போன்ற திரையில் படங்களைக் காட்டினர். ஒவ்வொரு படத்தின் கீழும் விருப்பக்குறி எண்ணிக்கை இருந்தது. அந்த எண்களை இட்டவர்கள் ஆராய்ச்சியாளர்களே. பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஒரே படம்தான். அதன் கீழ் எண் பெரிதாய் இருந்தபோது பிள்ளைகளும் விருப்பம் தெரிவித்தனர்; எண் சிறிதாய் இருந்தபோது கடந்து போயினர். தன் சொந்தப் படத்துக்குப் பேரெண் கிடைத்ததைக் கண்ட பிள்ளையின் மூளையில், பரிசு கண்டால் கிளர்ந்தெழும் பகுதி சுடர்விட்டது. புகைத்தல், குடித்தல் போன்ற படங்களைப் பார்க்கையில், தன்னை அடக்கிக்கொள்ள உதவும் பகுதிகளின் இயக்கம் தணிந்தது. 32 பேர் சிறு கூட்டம்தான். இதைக்கொண்டு உலகத்தை அளக்க முடியாது. எனினும் படம் எது என்பதைவிட, பார்த்தவர் எத்தனை பேர் என்பதே பிள்ளை மனத்தை அசைக்கிறது என்னும் உண்மை இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

இதை அறிவதற்கு நமக்கு ஆய்வுக்கூடமும் வேண்டுமா? 'நாலு பேர் என்ன சொல்வார்கள்?' என்னும் வாக்கியத்தைக் கேளாமல் நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளை உண்டா? மகளின் ஆடைக்கு நாலு பேர், மகனின் படிப்புக்கு நாலு பேர், திருமணத்துக்கு நாலு பேர், கடன் வாங்கிப் போடும் பந்திக்கும் அந்த நாலு பேர்! வாழ்நாள் முழுவதும் அந்த நாலு பேருக்கு அஞ்சி நடந்தவர்கள், நானூறு பேரின் விருப்பக்குறியை எண்ணிக் கொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்து, 'இதென்ன பைத்தியம்?' என்று கேட்கிறார்கள். பைத்தியம் பரம்பரைச் சொத்து ஐயா! எண்ணிப் பார்க்கும் வசதி மட்டுமே புதிது.

எண்ணும் வசதி வந்தால் ஒப்பிடும் வேதனை பின்னாலேயே வரும். லியோன் ஃபெஸ்டிங்கர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1954இலேயே இதைக் கோட்பாடாக வகுத்தார். தன்னை அளந்துகொள்ள மனிதனுக்கு வேறு அளவுகோல் கிடைக்காதபோது, தன்னை ஒத்தவரைப் பக்கத்தில் நிறுத்தி அளந்துகொள்கிறான் என்பது அதன் சாரம். அரசகுமாரியோடு ஒப்பிட்டு எந்தப் பள்ளிச் சிறுமியும் அழுவதில்லை; அடுத்த பலகையில் அமர்ந்திருக்கும் தோழியோடு ஒப்பிட்டு அழுகிறாள். அந்தத் தோழியும் பத்துப் படம் எடுத்து ஒன்பதை அழித்து, எஞ்சிய ஒன்றுக்கு நிறமூட்டி மெருகேற்றி வெளியிடுகிறாள் என்பது இவளுக்குத் தெரியும். தெரிந்தும் வலிக்கிறது. நம் நாட்டில் பெண் பார்க்கும் சடங்கு என்று ஒன்று நடக்கிறதே, கூடத்திலே தட்டோடு வந்து நின்ற பெண்ணை நால்வர் கண்ணால் நிறுத்துவிட்டு, 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்று எழுந்து போவார்களே, அந்தக் கொடுமையை வாழ்வில் சில முறை அனுபவித்தவர்கள் நம் தாய்மார்கள். இந்தச் சிறுமியோ நாள்தோறும் தட்டேந்தி நிற்கிறாள். பார்க்க வந்தவர் கணக்கில்லை. அவர்கள் தீர்ப்பு எண்ணாகத் தொங்குகிறது, வகுப்பு முழுவதும் காண!

'அப்படியானால் மூடி வைத்துவிட்டுப் போகட்டுமே' என்பது எளிய மறுமொழி. மூட முடியாதபடி செய்யும் சூட்சுமம் இரண்டு உண்டு. முதலாவதைப் புறாக்களிடம் கண்டறிந்தவர் ஸ்கின்னர். ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து 1957இல் அவர் வெளியிட்ட ஆய்வு நூலில் அது விரிவாக இருக்கிறது. கொத்தும் ஒவ்வொரு முறையும் தானியம் பெற்ற புறா, தானியம் நின்றதும் விரைவில் ஓய்ந்தது. எந்தக் கொத்துக்குத் தானியம் விழும் என்று தெரியாத புறாவோ ஓயாமல் கொத்தியது. தானியம் நின்ற பிறகும் நெடுநேரம் கொத்திக் கொண்டே இருந்தது. சூதாட்டப் பொறியின் முன் அமர்ந்தவன் எழாமல் இருப்பதும் இதனால்தான். திரையை விரலால் தள்ளும் பிள்ளைக்கு அடுத்து வருவது சலிப்பா, சிரிப்பா, தன் பெயரா என்று தெரியாது, தெரியாததாலேயே தள்ளுகிறது. பழைய செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று இருந்தது. 2006இல் ஏசா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளர், பக்கம் முடியாமல் நீண்டுகொண்டே போகும் முறையை உருவாக்கினார். பின்னாளில் அதற்காக வருந்தினார். வருத்தத்தை நிறுவனங்கள் கேட்டுக்கொண்டன, முறையை விடவில்லை.

இரண்டாவது சூட்சுமம் அச்சம். விலக்கப்படுவோமோ என்னும் அச்சம். கிப்ளிங் வில்லியம்ஸ் என்னும் அறிஞர் கணிப்பொறியில் எளிய பந்து விளையாட்டு ஒன்றை அமைத்தார். மூவர் பந்தை வீசி விளையாட வேண்டும். சில வீச்சுக்குப் பின் மற்ற இருவரும் தமக்குள்ளே வீசிக்கொள்வர். மூன்றாமவருக்குப் பந்து வராது. அவ்வளவுதான்! காசு போகவில்லை, அடி விழவில்லை; ஆயினும் அந்த மூன்றாமவர் மனம் புண்பட்டது. எதிரே ஆடுவது மனிதரல்ல, இயந்திரமே என்று முன்கூட்டியே சொன்னபோதும் புண்பட்டது என்று 2004இல் எழுதினார்கள். இத்தகைய விலக்கலால் பருவப் பெண்கள் வளர்ந்த பெண்களைவிட மிகுதியாக வாடினர் என்று 2010இல் வேறொரு குழு கண்டது. இந்த அச்சத்தை ஸ்னாப்சாட் எப்படி ஆண்டது பாருங்கள். இரு நண்பர்கள் நாள் தவறாமல் ஒருவருக்கொருவர் படம் அனுப்பினால், பெயருக்கு அருகே தீச்சுடரும் நாளின் எண்ணும் தோன்றும். ஒருநாள் தவறினால் அழிந்துபோகும். வெளியூர் போகும் பிள்ளை, தன் கடவுச்சொல்லைத் தோழனிடம் கொடுத்து, 'எனக்காக நீயே அனுப்பிக்கொண்டிரு' என்று சொல்லிப் போகிறது. நட்புக்கு நாட்கணக்கு, கணக்குக்குக் காவலாள்!

விருப்பத்தோடுதானே இருக்கிறார்கள் என்போருக்கு, லியோனார்டோ பர்ஸ்டின் முதலிய பொருளியலறிஞர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வுத்தாளைக் காட்ட விரும்புகிறேன். அவர்கள் கேட்டது பள்ளிப் பிள்ளைகளை அல்ல, அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை; எனினும் செய்தி ஒன்றே. டிக்டாக்கை நான்கு வாரம் விட்டுவிட உனக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டபோது, சராசரியாக 59 டாலர் வேண்டும் என்றனர். உன்னோடு கல்லூரி முழுவதுமே விட்டுவிடுவதானால் என்று கேட்டபோதோ, பணம் வேண்டாம் என்றதோடு நில்லாமல், அதற்காகத் தாமே 28 டாலர் தரவும் இசைந்தனர். எல்லோரும் வெளியேறினால் காசு கொடுத்தாவது தானும் வெளியேற விரும்புகிறவன், மற்றவர் உள்ளே இருப்பதால் உள்ளே இருக்கிறான். அவனைத் தனியே நிறுத்தி, 'உனக்கு மனவுறுதி இல்லையா?' என்று கேட்டு என்ன பயன்?

ஆட்ஜர்ஸ் சொன்ன நொந்த பிள்ளைக்கு இப்போது வருவோம். முன்பே நொந்த மனம்தான் திரையை நாடுகிறது என்பது நிறுவனத்துக்கு விடுதலைப் பத்திரம் ஆகிவிடுமா? 2017 நவம்பரில் இலண்டன் பகுதியில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக் கொண்டாள். ஐந்தாண்டு கழித்து, 2022 செப்டம்பரில் விசாரணை முடிந்தது. அவள் கடைசி ஆறு மாதத்தில் இன்ஸ்டாகிராமில் சேமித்த, பகிர்ந்த, விருப்பம் தெரிவித்த 16,300 பதிவுகளில் 2,100 பதிவுகள் மனச்சோர்வு, தன்னைக் காயப்படுத்திக் கொள்ளல், தற்கொலை ஆகியன பற்றியவை. அவள் மனச்சோர்வால் வாடியிருந்தாள் என்பதை மரண விசாரணை அதிகாரி ஏற்றார். அந்தப் பதிவுகளின் தீய விளைவும் அவள் சாவுக்குப் பங்களித்தது என்றும் தீர்மானித்தார். எதை நின்று பார்க்கிறாளோ அதையே மேலும் கொண்டுவந்து கொட்டுவது இயந்திரத்தின் இயல்பு. மகிழ்ந்திருப்பவளுக்கு நாய்க்குட்டி, நொந்திருப்பவளுக்கு நஞ்சு. காய்ச்சலோடு வருபவனுக்கு நோய் கடையில் வந்ததன்று, வீட்டிலேயே வந்தது என்பது மெய்யாக இருக்கலாம். அவனுக்குப் பனிக்கட்டி நீரைத் தொடர்ந்து ஊற்றியவன் அதனால் குற்றமற்றவன் ஆகிவிடுவானா?

இவை தெரியாமல் நடந்தன என்றும் சொல்வதற்கில்லை. பிறர் பாராட்டுக்கு ஏங்கும் மனித மனத்தின் பலவீனத்தைப் பயன்படுத்தியே கட்டினோம், தெரிந்தே செய்தோம் என்று 2017 நவம்பரில் பொதுமேடையில் ஒப்புக்கொண்டவர் ஷான் பார்க்கர். ஃபேஸ்புக்கின் முதல் தலைவர்! 2021 செப்டம்பரில் அந்நிறுவனத்தின் உட்கோப்புகள் வெளிவந்தன. கொணர்ந்தவர் அங்கே பணியாற்றிய பிரான்சஸ் ஹாகன் என்னும் பெண்மணி. தம் உடலைப் பற்றி மனம் வெதும்பியிருந்த சிறுமியரில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அந்த வெதும்பலை வளர்த்தது என்று நிறுவனத்தின் ஆய்வாளரிடமே கூறியிருந்தனர். சிறு ஆய்வு, சிலருக்கு நன்மையும் உண்டு என்று நிறுவனம் மறுமொழி தந்தது. அது பொய்யன்று, ஊரில் ஒதுக்கப்பட்டுத் தனித்து நிற்கும் பிள்ளைக்குத் தன்னை ஒத்தவர் தொலைவில் கிடைப்பது பெருநன்மைதான். ஆனால் நன்மையை ஊரறியப் பறைசாற்றித் தீமையைக் கோப்பிலே பூட்டியது ஏன் என்னும் கேள்விக்கு அது விடையாகாதே!

மீண்டும் ஹைட் நூலுக்கு வருகிறேன். தீர்வாக அவர் நான்கு விதி தருகிறார். 14 வயது வரை நவீனக் கைப்பேசி கூடாது. 16 வயது வரை சமூக ஊடகம் கூடாது. பள்ளியில் கைப்பேசியே கூடாது. பிள்ளைகளுக்குத் தனியே விளையாடும் உரிமை வேண்டும். நான்காவதை இரு கை நீட்டி வரவேற்கிறேன். ஆனால் நான்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மூன்று விதி பிள்ளையைத் தடுக்கின்றன. ஒன்று பிள்ளையை வெளியே அனுப்புகிறது. தீச்சுடர்க் கணக்கை அழி, முடிவில்லாப் பக்கத்தை முடி, நொந்த மனத்துக்கு நஞ்சு ஊட்டும் இயந்திரத்தை மாற்று என்று கடைக்காரனுக்கு இடும் விதி அந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. நூலின் உள்ளே நிறுவனத்தின் பொறுப்பைப் பற்றியும் அரசின் கடமையைப் பற்றியும் பேசத்தான் செய்கிறார். முழக்கமாக எடுத்துச் செல்லும் நான்கில் அதற்கு இடமில்லை. 15 வயதும் 364 நாளும் வரை நஞ்சாக இருந்தது, பிறந்தநாள் காலையில் பாலாகிவிடுமா? 19 வயதிலும் மனம் இளகியிருக்கிறது என்று ஆர்பன் காட்டினாரே!

இன்னொன்று. தம்மை நாத்திகர் என்று கூறிக்கொள்ளும் இந்தப் பேராசிரியர், ஓர் அத்தியாயம் முழுவதும் ஆன்மிக மேன்மை பற்றிப் பேசி, மௌனத்தையும் தியானத்தையும் மருந்தாகத் தருகிறார். அமைதி நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் கணிப்பொறியறிஞர் ஆயிரம் பேர் கூடி வகுத்த தூண்டிலை, பதின்மூன்று வயதுப் பிள்ளை கண்மூடி அமர்ந்து வெல்ல வேண்டும் என்பது எந்த நியாயம்?

இதே நியாயம்தான் நம் வீடுகளிலும் நடக்கிறது. கைப்பேசியைப் பிடுங்குகிறோம், பீரோவில் பூட்டுகிறோம், 'நாங்களெல்லாம் உன் வயதில்...' என்று தொடங்குகிறோம். பிடுங்கிய கைப்பேசியோடு பிள்ளையின் தோழர் கூட்டமும் பூட்டப்படுகிறது என்பதை எண்ணுவதில்லை. பந்து வராமல் நின்ற அந்த மூன்றாமவன் நிலை! பெண்பிள்ளை என்றால் தண்டனை இரட்டிப்பு. முகமறியாத எவனோ இழிமொழி அனுப்பினான் என்று வீட்டில் சொன்னால், அவன் தண்டிக்கப்படுவதற்கு முன் இவளுடைய போன் போகும், சில வீடுகளில் படிப்பும் போகும். அதனாலேயே சொல்லாமல் விழுங்குகிறாள். விழுங்கியவள் மீண்டும் எங்கே ஆறுதல் தேடுவாள்? அந்தத் திரையிலேதான்.

சட்டம் வந்திருக்கிறது. 16 வயது நிரம்பாதவர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க 2024 நவம்பரில் ஆஸ்திரேலியா சட்டம் இயற்றியது. 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு சிறப்பு உண்டு: மீறினால் பிள்ளைக்கும் தண்டனை இல்லை, பெற்றோர்க்கும் இல்லை, நிறுவனத்துக்கே 4 கோடியே 95 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பழியை உரிய முகவரிக்கு அனுப்பிய அந்தப் பகுதியைப் பாராட்ட வேண்டும். எல்லோரும் சேர்ந்து வெளியேறினால் போதும் என்று ஏங்கிய மாணவருக்கு அது ஓரளவு விடையும் ஆகும். ஆனால் உள்ளே விற்கும் சரக்கு அப்படியே இருக்கிறது. விருப்பக்குறி எண்ணிக்கையை மறைக்கும் வசதியை இன்ஸ்டாகிராம் 2021இல் கொடுத்தது. மறைப்பதா வேண்டாமா என்பதை அவரவர் முடிவுக்கே விட்டது. தூண்டிலைக் கழற்றும் பொறுப்பு மீனுக்கு!

நம் நாட்டில் 2023இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. இது கடைக்காரனின் தராசிலேயே கைவைக்கும் பிரிவு. ஹைட்டின் நான்கு விதிகளிலும் இல்லாதது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பிள்ளைகளைப் பற்றிய பிரிவுக்கு 18 மாதத் தவணை தந்திருக்கிறார்கள். கைப்பேசியைப் பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட பெற்றோரில் எத்தனை பேர், அந்தத் தவணை முடியும் நாளைக் குறித்து வைத்திருக்கிறார்கள்?